ஐந்து வரிக்குக் கீழே

சினிமாவில் ஒருத்தி கடிதத்தைப் பிரித்துப் படித்துக் கண்ணீர் விடுகிறாள் என்றால், அந்தக் கடிதத்தை யாரோ மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். வசனகர்த்தா வசனம் எழுதுவார். அதைக் கடிதமாக்கிக் கொடுக்க அவருக்கு நேரம் இருக்காது. அதற்கென்று ஸ்டுடியோவின் பொருள் கிடங்கில் ஒரு ஆள் இருந்தாள். முப்பத்தோரு வருடம் இருந்தாள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை; கையெழுத்தக்கா என்றால்தான் தெரியும்.

கிடங்கு என்பது கட்டிடத்தின் பின்பக்கம் இருந்த நீளமான கூடம். ஒரு சுவரில் மரத் துப்பாக்கிகள், எதிர்ச் சுவரில் மெழுகுப் பழங்கள், நடுவில் ஒற்றைக் கையால் தூக்கி நகர்த்தக்கூடிய பாறைகள். கோடியில் ஜன்னலோரம் அக்காவின் மேசை. காதல் கடிதம், மொட்டைக் கடிதம், உயில், மருந்துச் சீட்டு, நீதிமன்றத் தீர்ப்பு, பையன் பெயிலான மார்க் அட்டை எல்லாம் அங்கேதான் பிறந்தன. பதினான்கு விதமான கையெழுத்து அவளுக்கு வரும். டாக்டர் எழுத்து, பணக்கார அப்பா எழுத்து, படிப்பை நடுவில் விட்ட பெண்ணின் எழுத்து. மொட்டைக் கடிதம் என்றால் இடது கை.

"இதுல உன் சொந்தக் கையெழுத்து எதுக்கா?" என்று கிடங்குத் தச்சர் ஒருமுறை கேட்டார்.

"சம்பளம் வாங்கும்போது போடுறேனே, அது. மாசத்துக்கு ஒரு தடவதான் வெளிய வரும்."

எழுதுவது வேலையில் கால் பங்குதான். வெள்ளைக் காகிதம் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூச வைக்கும். அதனால் முதலில் டீத் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுத்து, கொடியில் போடாமல் தட்டையாக வைத்துக் காயவிடுவாள். கொடியில் போட்டால் ஒரு பக்கம் நிறம் இறங்கிவிடும். பிறகு மடிப்பு. சட்டைப் பையில் கிடந்த கடிதத்துக்கு மூலை மழுங்கியிருக்கும். தலையணைக்கு அடியில் கிடந்ததற்கு மூலை கூராகவே இருக்கும், வயிறு மட்டும் அமுங்கியிருக்கும். எந்தக் கடிதம் எங்கே கிடந்தது என்று கதையைக் கேட்டுக்கொண்டுதான் மடிப்பாள். மடிப்புக் கோட்டில் பென்சில் தூளை விரல் நுனியால் தேய்ப்பாள். பல முறை பிரித்துப் படித்த கடிதம் என்றால் கட்டைவிரல் படும் இடத்தில் லேசாக எண்ணெய்.

கடைசியாகச் சத்தம். இது வெளியாட்களுக்குத் தெரியாது. நடிகை காகிதத்தைப் பிரிக்கும்போது சரசரவென்று சத்தம் வந்தால் மைக் அதையும் பிடித்துக்கொள்ளும், வசனம் கேட்காது. ஆகவே எழுதுவதற்கு முன்பே காகிதத்தை நனைத்து, பந்தாகச் சுருட்டி, மாவு பிசைவது போலப் பிசைய வேண்டும். பிரித்து, மறுபடி பிசைந்து, நார் தளர்ந்து துணி மாதிரி ஆனதும் இஸ்திரி போட வேண்டும். எழுதி முடித்தபின் பின்பக்கம் மெல்லிசாக மெழுகு. அப்படிச் செய்த காகிதத்தை உதறினால்கூட வாய் திறக்காது.

கேமராவுக்கு ஐந்து வரி போதும். முதல் ஐந்து வரியைத்தான் பார்ப்பவர்கள் படிப்பார்கள். அதற்குள் காட்சி முகத்துக்குப் போய்விடும். ஆனால் பக்கம் நிறைந்திருக்க வேண்டும். ஐந்து வரிக்குக் கீழே என்ன எழுதினாலும் கேட்பாரில்லை. அக்கா பெரும்பாலும் அன்றைய செய்தித்தாளைப் பார்த்து எழுதுவாள், கை அலுத்தால் வாய்ப்பாடு எழுதுவாள். ஒரு கொலை வழக்குத் தீர்ப்பின் மூன்றாவது பத்தியில் ஸ்டுடியோ கேன்டீன் காபியைப் பற்றிய விரிவான புகார் இருக்கிறது. படம் நூறு நாள் ஓடியது. ஒரு வக்கீலும் கண்டுபிடிக்கவில்லை.

அவளுக்கு இருபத்தொன்பது வயதானபோது அம்மா விழுந்தார். வலது கை, வலது கால், வாயின் ஒரு பக்கம் எல்லாம் போயின. பதினொரு வாரம் படுக்கை. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு ஆகி, நான்கு மணி நேர ரயில் தூரத்தில் குடித்தனம். யார் பார்த்துக்கொள்வது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. "நீ அங்கேயேதானே இருக்க, உனக்கென்ன, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டிப் போட்டா போதும்" என்று தங்கை ஒருமுறை வந்தபோது சொன்னாள். சும்மா, வாய் தவறிச் சொன்னதுதான். ஆனால் ஒரு உடம்பை இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை தனியாகப் புரட்டிப் போட்டவர்களுக்குத்தான் அந்த வாக்கியம் எங்கே குத்தும் என்று தெரியும். இடுப்பு, குதிகால், தோள்பட்டை என்று புண் வரும் இடங்களை முறை வைத்துப் பார்த்து, ஸ்பூனால் கஞ்சி கொடுத்து, பகலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்கு ஓடி, திரும்பி வந்து துணி அலசும் ஒருத்திக்குக் கோபம் வரும். நோயாளியின்மேல் வராது. வராமல் இருப்பவர்கள்மேல் வரும். நர்ஸ் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித் தருவதில்லை, சொல்லித் தர வேண்டும்.

கடைசி ஒன்பது நாள் அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். தங்கையை வீட்டில் சின்னது என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னது வந்ததா, சின்னது வந்ததா என்று கோணிய வாயால் கேட்டுக்கொண்டே இருந்தார். தந்தி ஆபீஸ் தெரு முனையில் இருந்தது. போய்வர ஐந்து நிமிடம். அக்கா போகவில்லை. முதல் நாள் நாளைக்குப் போகலாம் என்றுதான் நினைத்தாள். மூன்றாம் நாள், வந்தால்தான் என்ன, மாலையோடு வந்து மடியில் தலையை வைத்து அழுதுவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போவாள் என்று நினைத்தாள். ஆறாம் நாளுக்கு மேல் எதையும் நினைக்கவில்லை. பத்தாம் நாள் காலை அம்மா போனபிறகுதான் தந்தி போனது.

தங்கை வந்து கேட்ட முதல் கேள்வி, "அம்மா என்னக் கேட்டாங்களாக்கா?"

"இல்ல. கடைசியில யாரையும் அடையாளம் தெரியல."

அவ்வளவுதான். அதைச் சொல்லி முடிக்க மூன்று விநாடி ஆகியிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் படம் வந்தது. கப்பலேறிப் போகிற கணவன் மனைவிக்கு எழுதிவைத்துவிட்டுப் போகும் கடிதம். படமே அதன்மேல்தான் நின்றது. நான்கு பிரதிகள் வேண்டும் என்றார்கள். நெருக்கத்தில் காட்ட ஒன்று, தூரத்தில் படிக்க இரண்டு, கடைசியில் விளக்கில் காட்டி எரிக்க ஒன்று. மூன்றை அக்கா செய்தித்தாளைப் பார்த்து நிரப்பினாள். நெருக்கப் பிரதியை எழுத உட்கார்ந்தபோது செய்தித்தாள் கைக்கு அகப்படவில்லை. தச்சர் அதை விரித்து வைத்துப் பசை தடவிக்கொண்டிருந்தார். கப்பல்காரக் கணவனின் சாய்ந்த கையெழுத்தில் ஐந்து வரி எழுதி முடித்தாள். ஆறாவது வரியில் பேனா நிற்கவில்லை. "சின்னதுக்கு" என்று எழுதிவிட்டு, பக்கத்தின் அடிவரை போய்த்தான் நின்றது. படித்துப் பார்த்தாள். கிழிக்கலாம் என்று எடுத்தாள். மூன்று நாள் முக்கி, பிசைந்து, இஸ்திரி போட்ட காகிதம் அது. எப்படியும் யாரும் படிக்கப் போவதில்லை என்று மெழுகு தடவிக் கொடுத்துவிட்டாள். எரிக்கும் காட்சிக்கு அதையே எரிக்கும்படி உதவி இயக்குநரிடம் சொல்லியும் வைத்தாள். பிறகு தியேட்டரில் போய் உட்கார்ந்து, கடிதம் எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, படம் முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இது சலிப்பில் சொல்வதல்ல, உண்மையிலேயே நடக்கவில்லை. ஸ்டுடியோ கைமாறியது. கையெழுத்தைக் கம்ப்யூட்டர் எழுத ஆரம்பித்தது. அக்கா அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கை வலியாவது நின்றது. மாடியில் ஒரு அறை, பக்கத்தில் சமையல் மேடை, கீழே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. காலையில் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை பத்தரை மணிக்கு மேல்தான், அதுவும் ரொட்டிக் கடையில், "பாதி போதும்" என்பது. சில நாள் அது தொண்டையில் சிக்கி, கடைக்காரர் "என்னம்மா?" என்று கேட்டு, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கும். பகல் முழுக்க ரேடியோ பாடும். பாட்டுக்காக அல்ல. தங்கையோடு வருடத்துக்கு இரண்டு போன். சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. "எப்படி இருக்க?", "இருக்கேன்", "சரி வைக்கட்டுமா?" தங்கை இந்த நாற்பது வருடத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தன்னைக் கேட்காமலே போன அம்மாவைப் பற்றி என்ன பேசுவது?

எழுபதாவது வயதில் ஒரு போன் வந்தது. பழைய சினிமாப் பொருட்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். அந்தக் கப்பல் கடிதம்தான் அதில் முக்கியம். சிக்கல் என்னவென்றால், கடிதம் இரண்டு வந்திருக்கிறது. பழைய சம்பளப் பதிவேட்டில் பெயரைப் பிடித்து அவளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?

"அது எரிஞ்சு போச்சே" என்றாள் அக்கா.

"எரிஞ்சது ஒரு பிரதிதாம்மா. வாங்க, வண்டி அனுப்பறேன்."

கண்காட்சிக்குப் பொருட்களைச் சோதிக்கும் அறை, மருத்துவமனை போல இருந்தது. வெள்ளை மேசை, கையுறை, வளையும் கழுத்துள்ள விளக்கு. சோதிப்பவர் முன்பு வங்கியில் கள்ளக் கையெழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர். நெற்றியில் லென்ஸைத் தூக்கிவிட்டபடியே பேசுவார். அக்கா அப்போதே மனதில் அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

மேசைமேல் இரண்டு கண்ணாடி உறைகள். ஒன்று ஒரு சேகரிப்பாளர் நல்லெண்ணத்தோடு வாங்கி வைத்திருந்தது. இன்னொன்று ஸ்டுடியோவின் பழைய கார் ஓட்டுநர் கொண்டு வந்தது.

"ரெண்டும் அந்தக் காலத்துக் காகிதந்தான். புதுக் காகிதம்னா ஊதா விளக்குல மின்னும், இது ரெண்டும் மின்னல. மூணாவது வரியில படத்துல தெரியுற மைக்கறை ரெண்டுலயும் இருக்கு. நிறமேத்தினதும் ஒண்ணு போலத்தான்" என்றார் லென்ஸ்காரர்.

ஒன்று போல இல்லை. சேகரிப்பாளருடையது காபியில் முக்கியது. காபி ஓரத்தில் கோடு விடும். அக்கா பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அவள் கண் ஓட்டுநருடைய கடிதத்தின் ஆறாவது வரியில் நின்றுவிட்டது.

"ஆனா கீழ பாருங்க. சேகரிப்பாளரோடதுல படத்து வசனமே கடைசி வரைக்கும் போகுது. ஓட்டுநரோடதுல திடீர்னு ஒரு தங்கச்சி வர்றா, செத்துப்போன அம்மா வர்றாங்க. படத்துல தங்கச்சியே கிடையாது! தொழில் தெரிஞ்ச யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டாங்க. யாரோ கதை தெரியாம பண்ணின போலி. எழுதினவன் நல்லா எழுதியிருக்கான், அது வேற விஷயம்." அவர் லென்ஸை இறக்கிக்கொண்டார். "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிச்சுடலாம்."

தலையசைத்தால் போதும். அசைக்கக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். போலி என்று சீட்டு ஒட்டி அந்தக் காகிதத்தை ஏதாவது அலமாரியில் போட்டுவிடுவார்கள். நாற்பது வருடமாக எரிந்துபோயிருந்த கடிதம் மறுபடி ஒருமுறை எரிந்துவிடும்.

லென்ஸ்காரர் அவள் பார்வைக்காகச் சேகரிப்பாளருடையதை உறையிலிருந்து எடுத்தார். சரசரவென்றது. ஓட்டுநருடையதை எடுத்தார். கைக்குட்டையை எடுத்தது போல இருந்தது. அவருக்கு அந்த வித்தியாசம் காதில் விழவேயில்லை.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று அக்கா வெளியே வந்தாள்.

தாழ்வாரத்து பெஞ்சில் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"கையெழுத்தக்கா! ஆள் அப்படியே இருக்கீங்களே!"

"பொய் சொல்லாத. ரெண்டு முட்டியும் போச்சு."

"எனக்கு இடுப்பும் சேர்ந்து போச்சு. நான் ஜெயிச்சேன்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா, நான் திருடல. அன்னைக்கு எரிக்கிற சீன்ல இது மெழுகு போட்டது, குப்புனு பத்திக்கும், ஷாட் நீளாதுன்னு விளக்கு ஆளுங்க வேற பேப்பர எரிச்சாங்க. இது கார் சீட்டுலயே கெடந்துச்சு. கேக்க யாரும் வரல."

"நாப்பது வருஷமா வச்சிருந்தியா?"

"வேற என்ன இருக்கு என்கிட்ட? எத்தன நட்சத்திரத்த ஏத்தி இறக்கியிருக்கேன், ஒரு படத்துலயாவது என் பேரு வந்துச்சா? நான் அங்க இருந்தேங்கறதுக்கு இது ஒண்ணுதான் அத்தாட்சி. இப்ப என்னடான்னா என் மருமகனே, 'ஏன் மாமா இந்த வயசுல போலி லெட்டர் வேலை'ங்கறான். நீங்க உண்மையச் சொல்லுங்க, போதும்."

அக்கா தண்ணீர் குடித்தாள். "கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"படிச்சேன். அம்மா, தங்கச்சின்னு என்னமோ வந்துச்சு. கடைசி நேரத்துல கதைய மாத்திட்டாங்கபோலன்னு நெனச்சேன். சினிமாக்காரங்கதானே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்ததால் அது இருமல் போலக் கேட்டது. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"சார், கண்ண மூடிக்கங்க."

"என்னது?"

"லென்ஸ எடுத்துட்டு கண்ண மூடுங்க. காதுதான் வேணும்."

வங்கியில் இருபது வருடம் கண்ணை நம்பியே வேலை பார்த்தவர். அரை மனதோடு மூடினார். அக்கா முதலில் சேகரிப்பாளருடையதை மடித்து விரித்தாள். அடுத்து ஓட்டுநருடையதை.

"ஆரம்பிக்கலையா?" என்றார் கண்ணை மூடியபடியே.

"முடிச்சுட்டேன்."

கண்ணைத் திறந்தார். காகிதத்தைத் தானே வாங்கிக் காதருகே வைத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். மைக், பிசைவது, இஸ்திரி, மெழுகு என்று அக்கா எட்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவர் ஆள் மாறிப்போனார். பின்பக்கத்தைச் சாய்வெளிச்சத்தில் பார்த்து, பிசைந்த சுருக்கங்கள் மையின் அடியில் ஓடுவதைக் கண்டுபிடித்து, "ஆமா! ஆமா!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம்தான் நினைவு வந்தது.

"அப்போ தங்கச்சி? கதையில தங்கச்சி இல்லையே."

"கதையில இல்ல. எங்க வீட்டுல."

லென்ஸ்காரர் காகிதத்தை இரண்டு கையாலும் மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"மன்னிக்கணும்மா. கற்பனைன்னு நெனச்சு இத இங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டேன்."

"எப்படி இருந்துச்சாம்?"

"ஒரு பொண்ணு அழுதுட்டா."

"நான் அழல" என்றாள் அக்கா. உண்மையைத்தான் சொன்னாள்.

கண்காட்சி திறக்க எட்டு நாள் இருந்தது. மடித்து வைத்தால் ஐந்து வரி மட்டும் தெரியும், மிச்சத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார் அவர். விரித்து வைப்பதுதான் முறை; ஆனால் அவள் சொல்கிறபடி செய்வதாகச் சொன்னார். தங்கையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அக்கா ஒரு நகல் மட்டும் எடுத்துத் தரச் சொன்னாள். அசல் என்று எழுதிய தாளில், மாதம் ஒருமுறை வெளியே வந்துகொண்டிருந்த அந்தக் கையெழுத்தைப் போட்டாள். தாழ்வாரத்தில் ஓட்டுநர் எழுந்து நின்று கும்பிட வந்தார். "உக்காரு, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள் காலை வண்டியில் தங்கை ஊருக்குக் கிளம்பினாள். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொன்னால் என்ன விஷயம் என்று போனிலேயே கேட்பாள், போனிலேயே முடிந்துவிடும்.

தங்கை வீடு மூன்றாவது மாடி. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"யாரு? அக்காவா? என்ன இது, சொல்லாம கொள்ளாம?"

"கண்ணுக்கு என்ன?"

"புரை எடுத்து ஆறு நாள் ஆகுது. உள்ள வா. யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகல."

"அப்போ உக்காரு. சாகாம நீ வந்ததே இல்லையே."

நாற்காலியில் துவைத்த துணி குவிந்திருந்தது. அக்கா அதை மடியில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்து, கை சும்மா இருக்காமல் மடிக்க ஆரம்பித்தாள். கடிதக் கதையைச் சொன்னாள். கண்காட்சி வரைக்கும் சொன்னாள்.

"அந்தக் கப்பல் லெட்டரா?" தங்கை உற்சாகமாகிவிட்டாள். "அது நீ எழுதினதா? நாலு தடவ பார்த்தேன் அந்தப் படத்த! ஒரு தடவகூட சொல்லலையே நீ. எங்க, காட்டு."

நகலைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், கறுப்புக் கண்ணாடியைத் தூக்கப் பார்த்தாள்.

"கண்ணாடிய எடுக்காத. கண்ணக் கசக்காத."

"ஒண்ணும் தெரியலயே. நீயே படி."

இதை அக்கா எதிர்பார்க்கவில்லை. கையில் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத்தான் ரயிலில் யோசித்து வைத்திருந்தாள். காகிதத்தைத் திரும்ப வாங்கினாள்.

"அன்பே, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது..."

"'என் கப்பல் கரையைத் தாண்டியிருக்கும்!'" என்று தங்கை முந்திக்கொண்டாள். மனப்பாடம். "'நான் கோழை என்று ஊர் சொல்லும். சொல்லட்டும்.' சரிதானே? 'நீ மட்டும் ஒரு விளக்கை அணைக்காமல் வை. நான் திரும்பி வரும் வழி அதுதான்.' அடேயப்பா, என்ன அழுக அழுதோம்! படி படி, அப்புறம்?"

"அப்புறம் படத்துல இல்ல."

"பரவால்ல, படி."

அக்கா படித்தாள். "சின்னதுக்கு. அம்மா உன்னைக் கேட்டார்கள். நான் சொன்னது பொய். கடைசிவரை எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. ஒன்பது நாள் உன்னை மட்டும்தான் கேட்டார்கள். தந்தி ஆபீஸ் தெரு முனையில். நான் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டால் போதும் என்று நீ சொன்னாய். அதற்காகப் போகவில்லை. புரட்டிப் போடும்போதெல்லாம் அம்மா வாசலைப் பார்க்கிற பக்கமாகத்தான் படுக்கக் கேட்டார்கள். நான் சுவர்ப் பக்கமாகவும் போட்டேன். புண் வரக்கூடாது என்று போட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். இதை உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் யாரும் படிக்காத இடத்தில் எழுதுகிறேன்."

முடிந்தது. அக்கா காகிதத்தை மடித்த துணிமேல் வைத்தாள்.

தங்கையின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"ஒம்போது நாளா?" என்றாள் தங்கை.

"ஒம்போது."

"என்னன்னு கேட்டாங்க?"

"சின்னது வந்துச்சான்னு."

"அப்படி இல்ல. வாய் கோணிப் போச்சே, எப்படிச் சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

பதினான்கு பேர் கையெழுத்தைப் போடத் தெரிந்தவளுக்கு ஒருவருடைய குரலையும் போட்டுப் பழக்கமில்லை. ஆனால் இந்தக் குரல் தானாகவே வந்தது. வாயின் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்தால், "ழின்னது வந்துழா?" என்றாள்.

"இன்னொரு தடவ."

சொன்னாள். தங்கை நான்கு தடவை சொல்ல வைத்தாள். நான்காவது தடவைக்குப் பிறகு கையை நீட்டித் தடுத்து, "போதும்" என்றாள். எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஒம்போது நாளும் நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? ஜன்னலுக்குத் திரை தச்சிட்டிருந்தேன். பூப்போட்ட திரை. அத மாட்டிட்டு எறங்கும்போதுதான் தந்திக்காரன் வந்தான். என் புள்ள பொறந்தப்போ, அம்மாவே என்னக் கேக்காமப் போயிட்டாங்க, இவன் மட்டும் என்னத் தேடவா போறான்னு நெனச்சேன். பெத்து மூணாவது நாள் அப்படி நெனச்சேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"எப்படித் தெரியும்? நீ எழுதிட்ட. எழுதி சினிமாவுக்குக் குடுத்துட்ட."

மேசைமேல் சொட்டு மருந்து இருந்தது. அக்கா பழக்க தோஷத்தில் மணியைப் பார்த்து, "மருந்து நேரம் ஆச்சு, அழுதா கண்ணு..." என்று எழுந்தாள்.

"தொடாத. எனக்குப் போட்டுக்கத் தெரியும்." தங்கை திரும்பவில்லை. "நீ கெளம்பு. மருமக வர்றதுக்குள்ள நான் மூஞ்சி கழுவணும்."

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஒரு மாடி இறங்கியபோது மேலே கதவு திறந்தது.

"அக்கா!"

நின்றாள்.

"அந்தக் காகிதம் இங்கதான இருக்கு?"

"துணிமேல வச்சிருக்கேன்."

"அது இருக்கட்டும். அங்க கண்ணாடிக்குள்ள எப்படி வைக்கப் போறாங்க?"

"மடிச்சு வைக்கலாங்கறாங்க. மேல அஞ்சு வரிதான் தெரியும்."

"எதுக்கு மடிக்கணும்?" குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "விரிச்சு வைக்கச் சொல்லு. அம்மா என்னைக் கேட்டாங்கன்னு ஊரே படிக்கட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது. அக்கா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, நல்ல முட்டி எது கெட்ட முட்டி எது என்று பார்த்து இறங்கினாள்.

ரயில் நிலையத்திலிருந்து லென்ஸ்காரருக்குப் போன் செய்தாள்.

"விரிச்சே வைங்க சார்."

"நிச்சயமாவாம்மா? உங்க தங்கச்சி ஒத்துக்கிட்டாங்களா?"

"அவ சொல்லித்தான் சொல்றேன்."

"ரொம்ப நல்லதும்மா! எல்லாம் நல்லபடியா முடிஞ்சதா? அப்புறம் ஒண்ணு, அந்த மெழுக சூடு பண்ணித் தடவுவீங்களா, பச்சையாவா? பக்கத்துல விளக்க அட்டை வைக்கிறோம், அதுல..."

"பச்சையா, துணியில தொட்டு. வண்டி வந்துருச்சு சார், வைக்கட்டுமா?"

வண்டி வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சாமான்களோடு வந்த ஒரு பெண் பையைப் பார்த்துவிட்டு, "இங்க ஆள் வராங்களாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல, யாரும் வரல" என்று அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.